கட்டளையின்றி உழைக்கும் சுரப்பி

வீட்டில் ஒருவருக்கு இரத்த அமுக்கம் என்று வைத்தியர் கூறிவிட்டால், முதலிற் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது உப்புச் சாடிதான். அப்பளமும் மோர்மிளகாயும் விலக்கப்படும். ஊறுகாய்ப் போத்தல் மறைத்து வைக்கப்படும். இவையாவும் நல்லனவே. ஆயினும், குளிசைகள் ஒன்றிலிருந்து மூன்றாகப் பெருகியும் அமுக்கம் தணியாதபோது, வாய்க்கட்டுப்பாடு இல்லையென நோயாளியை வீட்டார் கடிந்துகொள்வதை நாம் பல இடங்களிற் கண்டிருக்கின்றோம். அவர்மீது குற்றம் இல்லாதிருக்கவுங் கூடும் என்பதை எடுத்துரைப்பதே இவ்வாரம் நமது நோக்கம்.

நமது சிறுநீரகம் ஒவ்வொன்றின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல ஒரு சிறு சுரப்பி அமர்ந்திருக்கின்றது. அதிரீனற் சுரப்பி என்பது அதன் பெயர். அது சுரக்கும் ஓமோன்களுள் ஒன்று அல்டொஸ்தெரோன். லண்டனிலே ஆராய்ச்சி நடத்திய சில்வியா சிம்சன், ஜேம்ஸ் ரெயிற் ஆகிய இருவரும் சுவிற்சர்லாந்து விஞ்ஞானிகளுடன் கூடி 1953ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தெடுத்தனர். உடலில் உப்பையும் நீரையும் தேக்கி வைப்பதும், பொற்றாசியத்தைச் சிறுநீருடன் வெளியேற்றுவதும் இதன் தொழில்களாம்.

இத்தொழில் தன்னிச்சையாய் நடைபெறுவதன்று. இரத்த அமுக்கம் தாழும்போது சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளை இரத்தத்தில் விடுகின்றது. அது சில இரசாயன மாற்றங்களின் வழியே அதிரீனற் சுரப்பிக்குக் கட்டளையிடுகின்றது. உடனே அல்டொஸ்தெரோன் சுரக்கும், உப்புத் தேங்கும், அமுக்கம் உயரும். போதிய அளவு உயர்ந்ததும் சிறுநீரகம் ரெனினைக் குறைத்துக்கொள்ள, சுரப்பியும் ஓயும். ஆனால் சிலரிடத்தே, கட்டளை நின்ற பின்னரும் சுரப்பி ஓய்வதில்லை. தலைவன் உறங்கிய பின்னும் வேலையாள் நீர் இறைத்துக்கொண்டேயிருந்தால் வயலின் கதி யாதாகும்?

இந்நோயை முதன்முதலில் தெளிவாக விளக்கியவர் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஜெரோம் கொன். 1954ஆம் ஆண்டில் 34 வயதுப் பெண்மணி ஒருவர் அவரிடம் வந்தார். ஏழாண்டுகளாகத் தசைப்பிடிப்பும், இடையிடையே கால்கள் சோர்ந்து செயலிழப்பதுமாக அப்பெண்மணி துன்புற்றிருந்தார். இரத்த அமுக்கம் உயர்ந்தும், பொற்றாசியம் மிகத் தாழ்ந்தும் காணப்பட்டன. மாதக்கணக்காக ஆராய்ந்த கொன், அதிரீனற் சுரப்பியே காரணம் எனத் துணிந்தார். இரு சுரப்பிகளையும் அகற்றும் எண்ணத்துடனேயே சத்திரசிகிச்சை தொடங்கிற்று. திறந்து பார்த்தபோதோ, வலப்புறச் சுரப்பியில் ஒரு கட்டி இருந்தது. அதனை மட்டும் அகற்றினர். அப்பெண்மணியின் துன்பங்கள் நீங்கலாயின.

பொற்றாசியம் தாழ்ந்தவர்களை மட்டுமே தேடியமையால், இது மிக அரிய நோயென்று வைத்திய உலகம் நெடுங்காலம் கருதிற்று. இந்நோயாளருட் பலருக்குப் பொற்றாசியம் சரியான அளவிலேயே இருக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. இரத்த அமுக்கமுடையோர் நூறு பேரைச் சோதித்தால் ஐந்து முதல் பத்துப் பேரிடம் இந்நோய் காணப்படும் எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்று வகை மருந்துக்கும் அடங்காதோரிடையே இத்தொகை இன்னும் அதிகம். அமுக்கம் ஒரே அளவினதாயினும், இந்நோயுள்ளவருக்குப் பாரிசவாதமும் இருதய நோயும் வரும் அபாயம் மற்றையோரிலும் கூடுதலாகும்.

இதனைக் கண்டறியும் முதற்படி ஓர் இரத்தப் பரிசோதனையே. காலையில் துயிலெழுந்து இரண்டு மணி நேரமேனும் நடமாடிய பின்னர், சிறிது நேரம் அமரச் செய்து இரத்தம் எடுப்பர். அல்டொஸ்தெரோன், ரெனின், பொற்றாசியம் ஆகிய மூன்றையும் அளப்பர். முதலிரண்டின் விகிதத்தைக் கணிக்கும் முறையை யப்பானிய வைத்தியர்கள் 1981ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ரெனின் தாழ்ந்திருக்க அல்டொஸ்தெரோன் உயர்ந்திருப்பின், கட்டளையின்றிச் சுரப்பி உழைக்கின்றது என்று ஐயுற இடமுண்டு.

இது முடிவான தீர்ப்பன்று. சில மருந்துகளும் பொற்றாசியக் குறைவும் உப்பை மிகவும் குறைத்த உணவும் அளவுகளை மாற்றிவிடும். ஆதலின், எந்தக் குளிசையையும் தாமாக நிறுத்தலாகாது. வைத்தியரே அதனைத் தீர்மானித்தல் வேண்டும். நோய் உறுதியாயின், பழுது ஒரு சுரப்பியிலா இரண்டிலுமா என்று படமெடுத்தும், சுரப்பிகளின் நாளங்களில் இரத்தம் எடுத்தும் அறிவர். ஒன்றிலாயின் சத்திரசிகிச்சையால் அதனை அகற்றலாம். இரண்டிலுமாயின் ஸ்பைரோனோலக்றோன் போன்ற மருந்து அந்த ஓமோனின் செயலைத் தடுக்கும்.

இரத்த அமுக்கமுடைய யாவரையும் இந்நோய்க்காகச் சோதித்தல் நன்று என, அமெரிக்காவிலுள்ள ஓமோன் வைத்திய நிபுணர் சங்கம் 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. இளவயதிலேயே அமுக்கம் கண்டவரும், மூன்று குளிசைக்கும் அடங்காதவரும், குடும்பத்தில் நாற்பது வயதுக்கு முன் பாரிசவாதம் கண்டவரும் இதனைத் தம் வைத்தியரிடம் தயங்காது கேட்டல் வேண்டும்.

இரத்த அமுக்கமுடையோரிற் பெரும்பாலாருக்கு இவ்வாறு ஒரு தனிக் காரணம் அகப்படுவதில்லை. அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மருந்துமே துணையாம். ஆயினும், அகப்படக்கூடிய காரணத்தைத் தேடாமலே ஒருவரை ஆயுள் முழுவதும் கடிந்துகொள்வது முறையாகுமா? உப்பைக் குறைப்போம்; அதனோடு, ‘ஏன்?’ என்ற கேள்வியையும் ஒருமுறை கேட்போம்.