பிள்ளையின் செலவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

பிரிந்து வாழும் தம்பதியரின் ஜீவனாம்ச வழக்குகள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். மனைவி தரப்பு 20,000 கேட்கும். கணவர் தரப்பு 3,000க்கு மேல் முடியாது என்று கையை விரிக்கும். பல வாய்தா கழித்து 6,000 என்றோ 7,000 என்றோ உத்தரவாகும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உத்தரவைப் புரட்டினால், இருதரப்பு நிலையும் விலைவாசியும் கருதி என்பதுபோல ஒற்றை வரிதான் இருக்கும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசுகிற விலைக்குக்கூட மாட்டின் பல்லைப் பார்த்திருப்பார்கள்.

நான் நெல்லைப் பக்கம் குடும்ப வழக்குகள் நடத்துகிறவள். மனைவியின் ஜீவனாம்சம் பற்றி ஆயிரம் வாதம் இருக்கலாம். அதை இங்கே விட்டுவிடுகிறேன். பிள்ளைக்கான தொகையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். அது மனைவியின் தொகைக்கு வாலாகத்தான் வருகிறது. மனைவிக்கு இவ்வளவு, குழந்தைக்கு அதில் பாதி என்று முடித்துவிடுகிறோம். குழந்தைக்கு என்ன செலவாகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் குறைவாக இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. 2001 வரை அந்தப் பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் தர வழியில்லை. அந்த உச்சவரம்பு நல்லவேளையாக ஒழிந்தது. ஆனால் உச்சவரம்பு போன இடத்தில் கணக்கிடும் முறை எதுவும் வந்து உட்காரவில்லை. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓரளவுக்கு அதைச் செய்தது. இருவரும் தங்கள் வரவு, சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். தொகை மனு போட்ட நாளிலிருந்து கிடைக்க வேண்டும். பிள்ளையின் செலவு என்றால் சோறு, துணி, இருப்பிடம், மருத்துவம், படிப்பு என்று எழுதியதோடு நிற்காமல் டியூஷனையும் சேர்த்தது. படிப்புச் செலவைத் தகப்பன் ஏற்க வேண்டும், தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் விகிதப்படி பிரித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அந்தப் பத்திரங்கள் ஒழுங்காகத் தாக்கலாவதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது.

ஆனால் நீதிமன்ற வராந்தாவில் வழங்குவது 'கால் பங்கு' கணக்கு. சம்பளத்தில் 25 சதவீதம் என்பது சட்டத்திலேயே இருப்பதுபோலப் பேசுவார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லை. 2017இல் மேற்கு வங்கத்திலிருந்து போன ஒரு வழக்கில், மனைவிக்குக் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது, அதுவே பிடித்துக்கொண்டது. அந்த வழக்கில் கணவரின் நிகரச் சம்பளம் 95,000 ரூபாய்க்கு மேல். மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து முடிவில் உத்தரவானது 20,000. அது கால் பங்குகூட இல்லை. சரி, ஒரு பிள்ளை இருந்தாலும் மூன்று பிள்ளை இருந்தாலும் அதே கால் பங்குதானா? இதற்கு அந்தக் கணக்கில் பதில் கிடையாது.

ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெண் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார், மாதம் 16,000. கணவர் தனியார் ஆலையில் சூப்பர்வைசர். மகள் ஆறாம் வகுப்பு. மனு எழுத வந்தபோது, எவ்வளவு கேட்கலாம் என்றதற்கு அந்தப் பெண், "நீங்களே பாத்துப் போடுங்க மேடம்" என்றார். செலவு நோட்டு ஏதாவது உண்டா என்றேன். மளிகைக் கடைச் சிட்டைகளையும் பள்ளி ரசீதுகளையும் ஒரு மஞ்சப்பையில் கொண்டுவந்து கொட்டினார். உட்கார்ந்து கூட்டினோம். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 36,000, மாதத்துக்கு 3,000. வேனுக்கு 1,100, டியூஷனுக்கு 800. சாப்பாடு, பால், முட்டை எல்லாம் சேர்த்து 4,000. வீட்டில் பாட்டியோடு மூன்று பேர். வாடகை 6,000 என்பதால் பிள்ளையின் பங்கு 2,000. கேஸ், கரண்டில் 600. சீருடை, செருப்பு, நோட்டுகளை மாதக் கணக்காக்கினால் 1,100. அந்தப் பிள்ளைக்கு வீசிங் உண்டு, மருந்துக்கு 900. ஆக 13,500.

தகப்பனின் சம்பளச் சீட்டு வந்தது. மொத்தச் சம்பளம் 54,000, கைக்கு வருவது 21,000. நடுவில் இருப்பதைப் பார்க்க வேண்டும்: பி.எஃப்., சொசைட்டி கடன், பைக் தவணை, பிரிந்த பிறகு எடுத்த தனிநபர் கடன், மாதச் சீட்டு. பி.எஃப்., வருமான வரி போன்ற கட்டாயப் பிடித்தங்களைத்தான் கழிக்கலாம். தானாக வாங்கிய கடனைக் கழித்துக் காட்டிப் பொறுப்பைக் குறைக்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியாகிவிட்டது. கட்டாயப் பிடித்தம் போக அவருக்கு 48,000. அவருடையது 48, தாயினுடையது 16. மூன்றுக்கு ஒன்று. 13,500இல் அவர் பங்கு 10,125, தாயின் பங்கு 3,375. நாலாம் வகுப்புக் கணக்குதான். உச்ச நீதிமன்றமே 2000ஆம் ஆண்டில் பத்மஜா சர்மா வழக்கில், சம்பாதிக்கிற தாயும் தகப்பனும் பிள்ளைகளின் செலவை ஒன்றுக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ளச் சொன்னது. எங்கள் வழக்கில் இடைக்கால உத்தரவு 5,000 என்று வந்தது. எந்த அடிப்படையில் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

சம்பளச் சீட்டு இருப்பவரை எப்படியாவது பிடித்துவிடலாம். சொந்தத் தொழில் செய்கிறவர்தான் சிக்கல். மூன்று லோடு ஆட்டோ ஓடும், பத்திரத்தில் மட்டும் 'கூலி வேலை, மாதம் 8,000' என்றிருக்கும். இங்கேயும் வருமானத்தையே துரத்திக்கொண்டு நிற்பதைவிடப் பிள்ளையின் செலவிலிருந்து தொடங்குவது லேசு. பிரியும் முன்பு அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது, அந்தக் கட்டணத்தை யார் கட்டியது? 8,000 சம்பாதித்தவரால் 60,000 கட்டணம் எப்படிக் கட்ட முடிந்தது என்ற ஒரு கேள்வி போதும்.

தகப்பன்மார் எல்லோரும் ஓடி ஒளிகிறவர்கள் இல்லை. கட்டணத்தை நேரே பள்ளியில் கட்டிவிட்டு, பிள்ளைக்குச் சைக்கிளும் வாங்கிக் கொடுத்துவிட்டு, ரசீது ஒன்றும் இல்லாமல் வந்து நிற்பவர்களும் உண்டு. கையில் கொடுத்த பணத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை, வங்கி வழியாகவே கொடுங்கள். பிள்ளையைப் பார்க்க விடவில்லை, அதனால் பணம் தரமாட்டேன் என்பது மட்டும் எடுபடாது. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு போட வேண்டும். தாய்க்கும் ஒரு எச்சரிக்கை: ஜீவனாம்ச பாக்கிக்கு ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். போகட்டும் என்று விட்டால் பழைய பாக்கி கையை விட்டுப் போய்விடும்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. அவருடைய பிள்ளைக்கு ஆறு வயதில் உத்தரவான தொகை பன்னிரண்டு வயதிலும் அப்படியே நிற்கிறது. உயர்த்த வேண்டும் என்றால் தாய் மறுபடி மனு, மறுபடி வக்கீல் ஃபீஸ், மறுபடி வாய்தா. 2025 மே மாதம் ஒரு வழக்கில் மனைவியின் ஜீவனாம்சத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்த்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிலேயே எழுதியது. வளர்கிற பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். பதினெட்டு வயதானதும் மகனுக்கு 144ஆம் பிரிவில் பொதுவாக உரிமை முடிகிறது, கல்லூரியில் முதல் ஆண்டுக் கட்டணம் கேட்கிற அதே வயதில்.

பிரிட்டனில் இதற்கு அரசு அமைப்பே இருக்கிறது. பணம் கொடுக்க வேண்டியவரின் வார வருமானம் 200 முதல் 800 பவுண்டு வரை என்றால் ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், இரண்டுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் 19. பிள்ளை அவர் வீட்டில் தங்கும் இரவுகளுக்கு ஏற்பக் கழிவு உண்டு. ஆண்டுதோறும் மறுகணக்கு. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பாதிப் பேருக்கு வருமானம் காகிதத்திலேயே இல்லாத ஊர் இது. ஆனால் எண் எப்படி வந்தது என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அங்கே தெரிகிறது. தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

சென்னை உயர் நீதிமன்றத்திடம் கேட்பது இதுதான். குடும்ப நல நீதிமன்றங்கள் பிள்ளைக்கான உத்தரவில் மூன்று வரி கட்டாயம் எழுதட்டும்: பிள்ளையின் மாதச் செலவு எவ்வளவு, பெற்றோரின் வருமான விகிதம் என்ன, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.