பழந்தீந்தையும் எம்மவர் மூச்சும்

கோடை பிறந்ததும் ரொறன்ரோவின் பழைய வீதிகளில் ஏணிகள் எழும்பிவிடுகின்றன. பார்க்டேல், கபேஜ்ரவுன் போன்ற பகுதிகளில் நூறாண்டு கடந்த வீடுகளின் மர விறாந்தைகளிலும் சாளரச் சட்டங்களிலும் உரிந்து தொங்கும் தீந்தையைக் குளிர் வருமுன் அகற்றியாக வேண்டும். ஏணியின் மேல் நிற்பவர் பல வேளைகளில் நாடுவிட்டு வந்தவர். அவர்களுள் எம்மவரும் உளர். கையில் இருப்பது தலைமயிர் உலர்த்தும் கருவியைப் போன்ற தோற்றமும், அதனிலும் பன்மடங்கு வெப்பமும் கொண்ட மின்கருவி. தொழிலாளர் அதனை 'ஹீற் கன்' என்பர். அதைப் பற்றி எம்மிடையே நிலவும் அறியாமை ஆபத்தானது. அறிந்தவர்கள் காக்கும் மௌனம் அதனினும் ஆபத்தானது என்பதே எனது கருத்து.

கருவியின் தொழிற்பாடு எளிது. எண்ணெய்த் தீந்தை சூடேறினால் இளகிக் கொப்புளிக்கும். இளகிய அக்கணத்திலேயே தட்டைக் கத்தியால் வழித்தெடுத்துவிடலாம். தட்டையான பலகைகளுக்குச் சுருள்கம்பி பொருத்திய மின்தகடும், செதுக்கு வேலைப்பாடுள்ள இடங்களுக்குச் சுடுகாற்றை ஊதும் துப்பாக்கியும் பயன்படுகின்றன. பழைய மரவேலைகளின் வெளிப்புறத் தீந்தையைப் பற்றி அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை 1982-இல் வெளியிட்ட கைந்நூல் இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டு, சுவாலை கக்கும் ஊதுவிளக்கை அறவே வேண்டாம் என்றது. சுவீடனில் உருவான அகச்சிவப்புக் கருவிகளோ 200 முதல் 300 பாகை செல்சியஸ் அளவிலேயே தீந்தையை இளக்கவல்லவை. எனவே கருவிகளை வையும் நோக்கம் எனக்கில்லை. எதைச் சூடாக்குகிறோம் என்பதிலேதான் சிக்கல் தொடங்குகிறது.

பழந்தீந்தையின் உயிர்நாடி வெண்ணீயம். மழையையும் வெயிலையும் தாங்கி, மரத்தோடு ஒட்டி நிற்கும் அதன் ஆற்றலே அதனை வெளிச்சுவர்களின் செல்லப்பிள்ளையாக்கியது. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் கண்மருத்துவர் லொக்ஹாட் கிப்சன், சிறுவரைப் பீடித்த ஈய நஞ்சுக்கு வீட்டு விறாந்தைக் கைப்பிடிகளில் பொடியாய் உதிர்ந்த தீந்தையே மூலம் என்று 1904-இலேயே எழுதினார். 1921-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெண்ணீயத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. கனடாவோ 1976-இல்தான் உட்புறத் தீந்தையின் ஈய அளவுக்கு எல்லை வகுத்தது. வெளிப்புறத் தீந்தைக்கு எச்சரிக்கைச் சீட்டொன்றே போதுமென விடப்பட்டது. உற்பத்தியாளர்கள் தாமாக ஈயத்தைக் கைவிட 1990 ஆயிற்று. ஆகவே 1960-க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயம் இருக்கிறதென்றே கொள்ளவேண்டும். 1960-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட வீடாயின், உள்ளே இல்லாவிடினும் வெளியே இருக்கக்கூடும்.

இவ்வீயத்தின் மீது வெப்பம் பாய்ந்தால் என்ன நிகழும்? அமெரிக்க விதிகள் ஈயத் தீந்தையில் 1,100 பாகை பரனைற், அதாவது ஏறத்தாழ 593 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத் துப்பாக்கியைத் தடைசெய்கின்றன. அதற்கு மேல் ஈயம் ஆவியாகிக் காற்றில் கலக்கும் என்பது காரணம். கடைகளில் விற்கும் துப்பாக்கிகளுட் சில இவ்வெல்லையைத் தொடுபவை, தாண்டுபவையும் உண்டு. கனடிய சுகாதாரத் திணைக்களம் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஈயத் தீந்தைக்கு வெப்பத் துப்பாக்கியே வேண்டாம் என்கிறது. நான் கனடாவின் பக்கமே நிற்பேன். அமெரிக்க விதி பயிற்சி பெற்ற தொழிலாளியை மனதிற் கொண்டு எழுதப்பட்டது. எம்மவருக்கு அளிக்கப்படும் பயிற்சி, 'இந்தாரும் தம்பி, ஆளியைப் போட்டு ஊதும்' என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஆவி மட்டுமன்று. வழித்த சுருள்கள் காய்ந்து நொறுங்கித் தூளாகும். தூள் காற்சட்டையிலும் சப்பாத்திலும் ஏறி வீட்டுக்கு வரும். அப்பாவென்று ஓடிவரும் பிள்ளையின் விரல் வழியே வாய்க்குள் போகும். பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதற்குச் சிறிதளவு ஈயமே போதும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் கவனத்துக்குரியதெனக் கொண்ட அளவு, ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 1991-இல் 10 மைக்ரோகிராம், 2012-இல் 5, 2021-இல் 3.5. தீங்கற்ற அளவென்று ஒன்று இதுவரை காணப்படவில்லை. வளர்ந்தோருக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, எரிச்சல் என்று வரும். ஊர்க்கவலை, வழக்குக்கவலை என்று நாம் தள்ளிவிடும் அதே குணங்குறிகள்!

தீ இன்னொரு பக்கம். சுடுகாற்று பலகை இடுக்கினூடே சென்று பழைய தூசியையும் குருவிக்கூட்டையும் கனலச் செய்யும். தொழிலாளி வீடு திரும்பிய பின்னர் சுவர் பற்றி எரியும். இங்கிலாந்தின் அப்பார்க் மாளிகை 1989 ஆகஸ்ட் 30-இல் எரிந்தது தீந்தை உரித்ததால் அல்ல. கூரையின் ஈயத் தகட்டைச் செப்பனிட்டோரின் ஊதுவிளக்கால். ஆயினும் மறைவிடத்திற் புகுந்த வெப்பத்தின் குணம் ஒன்றே.

எம்மவர் கொந்திராத்துக்காரர்களுக்கு இவை யாவும் தெரியாதா? சிலருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாய் திறவாதது ஏன்? சொன்னால் முகக்கவசம் வாங்கவேண்டும், விரிப்பு வாங்கவேண்டும், கூலி உயரும். கடதாசி முகமூடி ஈயப் புகைக்குப் போதாது. 'பி-100' வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். வீடு வாங்கிய உறவினரும் இவ்வகையில் குற்றமற்றவரல்லர். சனிக்கிழமை மருமகனை அழைத்து ஏணியில் ஏற்றி, மாலையில் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்றெண்ணுகின்றனர். வந்து ஆறு மாதமேயான பிள்ளை மாமாவிடம் எதைக் கேட்கும்?

கொந்திராத்துக்காரரிடம் வேலைசெய்பவர் கேட்கலாம். ஒன்ராறியோவின் தொழிற் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தை அறியும் உரிமையையும் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையையும் தொழிலாளிக்கு வழங்குகிறது. அகதிக் கோரிக்கை முடிவாகாதவரும் அச்சட்டத்தின் முன் தொழிலாளியே. அதைப் பிரயோகித்தால் மறுநாள் வேலையிராது என்ற அச்சம் உண்மையானது என்பதை மறுக்கவில்லை. அதனாலேதான் பேசவேண்டிய பொறுப்பு, வேலை கொடுப்பவர் மேல் முதலில் விழுகிறது.

மரத்தின் வெறும் மேனியைக் காணவேண்டும் என்ற ஆசையே பல வீடுகளில் இவ்வேலைக்குக் காரணம். தேவையா அது? பற்றுறுதியாக நிற்கும் படையை அப்படியே விட்டு, உரிந்ததை மட்டும் நீர் தெளித்து ஈரமாகச் சுரண்டி, மேலே புதிதாகப் பூசினால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். முழுவதும் உரிக்கத்தான் வேண்டுமெனின், அனைத்துப் படைகளும் அடங்கிய ஒரு துண்டை முதலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புக. ஈயம் இருந்தால் அப்பயிற்சி பெற்றவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே பழந்தீந்தையோடு ஒரு கோடையைக் கழித்தவர்கள் குடும்ப மருத்துவரிடம் இரத்த ஈயப் பரிசோதனை கேட்கலாம். வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையோ கர்ப்பிணியோ இருப்பின் அவர்களுக்கும் சேர்த்துக் கேட்கவேண்டும். வேலையுடுப்பை வாசலிலேயே கழற்றி, பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்கவும்.