ரேகை விழுந்தால்தான் அரிசியா? ரேஷன் கடை மிஷினால் யாருக்கு லாபம்?

"ரேகை விழலை... கையை துடைச்சிட்டு மறுபடி வைம்மா!"

ரேஷன் கடைகளில் தினமும் கேட்கும் குரல் இது. சிமெண்ட் சட்டி தூக்கி, பாத்திரம் தேய்த்து ரேகையே அழிந்துபோன விரலை மிஷின் ஏற்பதில்லை. சர்வர் மக்கர் பண்ணினால் கியூ நகராது. இலவச அரிசி வாங்கப் போய் அரை நாள் கூலி போச்சு!

மிஷின் வந்தது ஏன்?

2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோடு கைரேகையும் வந்தது. வாங்காதவர் பெயரில் பில் போட்டு அரிசி கடத்துவதை தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பில் போட்டதும் செல்போனுக்கு மெசேஜ் வருகிறது. பிழைக்க வந்த ஊரிலேயே பொருள் வாங்கலாம். இதெல்லாம் நல்ல விஷயம்தான்.

ஓட்டை அடைபட்டதா?

முழுசா இல்லை. வந்தது யார் என்று ரேகை சொல்லும். எத்தனை கிலோ போட்டார்கள் என்று சொல்லாது. அதனால் 2025-ல் தராசையும் மிஷினோடு இணைத்தார்கள். எடை சரியானது. ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் நேரம் கூடியது. கடை ஊழியர்களே கொதித்தனர். அரசுக்கு மிச்சமாகும் அரிசிக்கு கணக்கு இருக்கிறது. கியூவில் நிற்பவர் இழக்கும் கூலிக்கு கணக்கு உண்டா?

பணத்திலும் இதே கதை!

2023 செப்டம்பரில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு உரிமைத்தொகை ரூ.1,000 நேராக வங்கிக் கணக்கில் விழுந்தது. புரோக்கருக்கு வேலை இல்லை. ஆனால் 'மினிமம் பேலன்ஸ் இல்லை' என்று சில வங்கிகள் அதிலேயே கை வைத்தன. அரசு எச்சரிக்க வேண்டியதாயிற்று. புரோக்கர் போனார், கம்ப்யூட்டர் பிடித்தம் வந்தது!

என்ன செய்யலாம்?

ரேகை விழவில்லை என்பதற்காக பொருள் தர மறுக்கக்கூடாது என்பதுதான் அரசு உத்தரவு. கடைக்கு வர முடியாத முதியோர், வேறு ஒருவரை அனுப்ப மனு கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு வீடு தேடி பொருள் தரும் 'தாயுமானவர்' திட்டமும் தொடங்கப்பட்டது. வாங்காத பொருளுக்கு மெசேஜ் வந்தால் சும்மா இருக்காதீர்கள். 1967-க்கு போன் போடுங்கள்.

வேகமான சர்வரும், வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலையில் கூடுதல் நேரமும் கொடுத்தாலே பாதி பிரச்சினை தீரும். மிஷினுக்காக மக்கள் காத்திருக்காமல், மக்களுக்காக மிஷின் ஓட வேண்டும் என்பதே கார்டுதாரர்களின் எதிர்பார்ப்பு.