மேலே ஏத்தறதுக்கு மட்டும் ஏன் சாமி இத்தனை க்யூ?

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன்.

செல்போன் கம்பெனி விளம்பரம் எதை எடுத்தாலும் டவுன்லோடு வேகம், டவுன்லோடு வேகம்... வேற பேச்சே கிடையாது. நாம போன்லேர்ந்து மேலே அனுப்பறோமே, குரல், முகம், பதிவு, பின்னூட்டம்... அது கிளம்பவே எவ்வளவு நேரம் ஆகுதுன்னு யாராவது வாயைத் திறக்கறாங்களா?

சர்க்காரும் சளைச்சதில்லை. 2023 ஜனவரியில தொலைத்தொடர்புத் துறை பிராட்பேண்டுக்குப் புது வரையறை கொடுத்தது. குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸ்லேர்ந்து 2 எம்பிபிஎஸ் ஆச்சு. சந்தோஷம். அதே வரையறையில 'இன்டராக்டிவ்' சேவைகளைத் தாங்கணும்னும் இருக்கு. ஆனா எண் போட்டிருக்கறது டவுன்லோடுக்கு மட்டும்! இன்டராக்டிவ்னா ரெண்டு பக்கமும் பேசறதுதானே? காதை அளந்துட்டு வாயை விட்டுட்டா எப்படி?

விஷயம் இதுதான் மக்களே. கீழே வர்ற டேட்டாவுக்கு டவரே முதலாளி. கையில வந்ததும் அதுவே நேரம் ஒதுக்கி அனுப்பிடும். மேலே போறதுக்கு அப்படி இல்லை. "என்கிட்ட அனுப்ப ஏதோ இருக்கு"ன்னு போன் முதல்ல கோரிக்கை வைக்கணும். அதையும் நினைச்ச நேரத்துல வைக்க முடியாது, அதுக்குன்னு முறை வரணும். அப்புறம் டவர் அனுமதி தரணும். அதுக்கப்புறம்தான் டேட்டா கிளம்பும்.

4ஜி கணக்கு போட்டுப் பாருங்க. கோரிக்கை முறை 10 மில்லி செகண்டுக்கு ஒரு தடவைன்னா சராசரி காத்திருப்பு 5. கோரிக்கை போக 1, டவர் யோசிக்க 3, அனுமதி வர 1, போன் தயாராக 3, டேட்டா போக 1, டவர் அதைப் பிரிச்சுப் படிக்க 3. ஆகமொத்தம் 17. இதுல டேட்டா காத்துல பறந்தது வெறும் 1! கேட்டு வாங்கறதுக்கு மட்டும் 10 போச்சு. முறை 40 மில்லி செகண்டுக்கு ஒண்ணுன்னு வெச்சிருந்தா காத்திருப்பு மட்டுமே சராசரி 20.

இதோட முடிஞ்சுதா? முதல் அனுமதி பல சமயம் சின்னதா இருக்கும். "எவ்வளவு பாக்கி இருக்கு"ன்னு கணக்குச் சொல்லத்தான் அது போதும். அப்புறம் அடுத்த அனுமதிக்கு மறுபடி காத்திருப்பு. ரேஷன் கடையில டோக்கனுக்கு ஒரு வரிசை, பில்லுக்கு ஒரு வரிசை, அரிசிக்கு ஒரு வரிசைன்னு நிப்போமே, அதே கதை.

"17 மில்லி செகண்டுதானே, கண் இமைக்கற நேரம்கூட இல்லையே"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். ஐயா, ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள முகவரி கேக்க ஒரு நடை, இணைப்புக்கு ஒரு நடை, பூட்டு சாவி மாத்திக்க ஒரு நடை. ஒவ்வொண்ணும் மேலே போய்த்தான் தொடங்கும். ஆக, நீங்க கொண்டாடற டவுன்லோடுக்கும் இதுதான் வாசல். டவர்ல கூட்டம் சேர்ந்தா அனுமதி இன்னும் தள்ளிப்போகும். குரல் போய்ச்சேர 150 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா நல்லதுன்னு ஐடியூ சொல்லுது. அதைத் தாண்டத் தாண்ட ஆன்லைன் வகுப்புல பிள்ளை பதில் சொல்றதுக்குள்ள டீச்சர் அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவாங்க.

இதுக்கு மருந்து இல்லையா? இருக்கு. தினம் அரை லிட்டர் வாங்கற வீட்டு வாசல்ல பால்காரர் தினமும் கேட்டுட்டா ஊத்தறார்? அந்த மாதிரி, கேக்காமலே முறை வெச்சு இடம் ஒதுக்கற வழி 4ஜியோட முதல் தரநிர்ணயத்துலயே (2008) குரலுக்காக வந்தாச்சு.

"அனுப்ப ஒண்ணும் இல்லாதவனுக்கு இடம் கொடுத்தா அலைவரிசை வீண், பேட்டரி வீண்" என்பது எதிர்வாதம். நியாயம்தான். கொடுத்த இடத்துல போன் வெத்து பைட்டுகளை நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஆனா 2017ல முடிஞ்ச ரிலீஸ் 14ல, ஒண்ணும் இல்லேன்னா போன் சும்மா இருக்கலாம்னு விதி வந்துடுச்சு. ஒதுக்கற இடைவெளியையும் 1 மில்லி செகண்ட் வரைக்கும் இறக்கிட்டாங்க. 5ஜியில முதல் பதிப்பிலேர்ந்தே முன்கூட்டிய அனுமதி உண்டு. ஒதுக்கின இடம் காலியாப் போற நஷ்டம் மிச்சம் இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக எல்லாருக்கும் எப்பவும் கொடுக்கச் சொல்லலை. வீடியோ காலும் குரலும் தாளம் தப்பாம வர்ற சரக்கு. அந்தத் தாளத்தைக் கவனிச்சு, கேக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கொடுக்கத்தான் சொல்றேன்.

அப்புறம் ஏன் இழுத்தடிப்பு? அளக்காத விஷயத்துக்கு எவன் மெனக்கெடுவான்? 5ஜியில பரவலா இருக்கற ஒரு அமைப்புல அஞ்சு ஸ்லாட்டுக்கு மூணு கீழே, ஒண்ணு ரெண்டுங்கெட்டான், மேலே போக ஒண்ணே ஒண்ணு. நாம வெறும் வாடிக்கையாளர், வாய்ல ஊட்டினா போதும்ங்கற நினைப்பு!

என் கோரிக்கை சின்னது. பிராட்பேண்ட் வரையறையில மேலே போற வேகத்துக்கும், கூட்ட நேரத்துல அது படற தாமதத்துக்கும் ஒரு எண் போடுங்க. அடுத்த மாசமே முறை தானா சீக்கிரம் வரும்.

பதிவர்களே, நாமெல்லாம் மேலே அனுப்பிப் பொழைக்கற ஜாதி. நாம கேக்கலேன்னா வேற யாரு கேப்பா? மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க. உங்க முறை வந்ததும் வந்து சேரட்டும் :-)