மென்பொருள் மாநாடும் நூல் வெளியீட்டு விழாவும்

மென்பொருள் மாநாடுகளுக்குச் சென்று உரை கேட்பது வீண் வேலை என்ற எண்ணம் நிரலாளர் நண்பர்களிடையே பரவி வருகிறது. பெரும்பாலான உரைகள் சில வாரங்களில் காணொளியாக இணையத்துக்கு வந்துவிடுகின்றன. பிறகு எதற்காக விடுப்பெடுத்து, கட்டணம் கட்டி, இரண்டு நாள் அரங்கில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களது கேள்வி. நியாயமான கேள்விதான். இலக்கியக் கூட்டங்களுக்கும் தொழில் மாநாடுகளுக்கும் ஒருசேரச் சென்று பழகிய எங்களுக்கு இதில் சொல்வதற்குச் சில உண்டு.

தமிழ் வாசகர்கள் நன்கறிந்த கூட்டங்கள் இருவகை. ஒன்று, நூல் வெளியீட்டு விழா. மேடையில் இருப்போர் அனைவரும் நூலைப் பாராட்டுவர். சிலர் அதைப் படிக்காமலே பாராட்டுவர். பொன்னாடை போர்த்துவர், தேநீர் அருந்திவிட்டுக் கலைவோம். மற்றொன்று, விமர்சனக் கூட்டம். இருபது பேர்கூட வந்திருக்கமாட்டார்கள். ஆனால் நாவலின் பிற்பகுதி ஏன் தொய்ந்துபோயிற்று என்று ஒருவர் எழுந்து கேட்பார்; ஆசிரியரும் முகம் சுளிக்காமல் விடை சொல்வார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த உரையாடல் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மென்பொருள் மாநாட்டில் இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. நாம் எந்த அறைக்குள் நுழைகிறோம் என்பதைப் பொறுத்ததே பயன் என்பது எங்கள் கருத்து.

பெருநிறுவன மென்பொருளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வங்கிக் கணக்கு, காப்பீடு, சம்பளப் பட்டியல், பயணச்சீட்டு முன்பதிவு, கிடங்கு இருப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் நிரல்கள் இவை. பார்வைக்குக் கவர்ச்சியற்றவை, பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைப்பவை. முதல் நாள் மேடையில் ஒரு புதிய கருவி எத்துணை அழகாக இயங்கிக் காட்டினாலும், ஐந்தாம் ஆண்டில் அதன் நிலை என்ன என்பதை அதனோடு வாழ்ந்தவரே சொல்ல முடியும்.

ஜாவா உலகின் வரலாறே இதற்குச் சான்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஜாவாஒன் மாநாடு, அத்துறையின் தேர்த்திருவிழாவாகவே விளங்கியது. 1998இல் எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ் என்ற கட்டமைப்பு வெளிவந்தது. பெருநிறுவன நிரலாக்கத்துக்கு இதுவே ராஜபாட்டை என்று முன்வைக்கப்பட்டது. வணிக விதியைச் சொல்லும் பத்து வரி நிரலுக்காக இரண்டு இடைமுகங்கள், ஒரு வகுப்பு, நீண்டதோர் எக்ஸ்எம்எல் கோப்பு ஆகியவற்றை எழுத வேண்டியிருந்தது. எழுதியதைச் சோதிப்பதற்கும் முதலில் ஒரு பெரிய வழங்கியைக் கிளப்ப வேண்டும். இத்தனை சுமை தேவையில்லை என்று 2002இல் ராட் ஜான்சன் ஒரு நூல் எழுதினார். அந்நூலோடு வந்த நிரல் வளர்ந்து, ஸ்பிரிங் என்ற பெயரில் 2004இல் முதற்பதிப்பு கண்டது. 2006இல் வந்த ஜாவாபீன்ஸ் மூன்றாம் பதிப்பு, பழைய சடங்குகளில் பெரும்பகுதியைத் தானே கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சடங்குகளை நம்பி எழுதப்பட்ட நிரல்களைப் பராமரிக்கும் பொறுப்போ, மேடையில் பேசியவர்களுக்கன்று, கீழே அமர்ந்து கேட்டவர்களுக்கே வந்து சேர்ந்தது.

இக்கதையில் இலக்கிய நண்பர்கள் ரசிக்கத்தக்க கிளைக்கதை ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டில் மார்ட்டின் ஃபவுலர், ரெபெக்கா பார்சன்ஸ், ஜோஷ் மெக்கென்சி ஆகிய மூவரும் ஒரு மாநாட்டு உரைக்காகத் தயாராகிக்கொண்டிருந்தனர். எந்தக் கட்டமைப்பையும் சாராத எளிய ஜாவாப் பொருள்களை மக்கள் ஏன் ஒதுக்குகிறார்கள் என்று யோசித்தபோது, அவற்றுக்கு மிடுக்கான பெயர் இல்லாததே காரணம் என்ற முடிவுக்கு வந்தனர். 'சாதாரணப் பழைய ஜாவாப் பொருள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி, 'போஜோ' என்று பெயரிட்டனர். பெயர் கிடைத்ததும் எளிமைக்கு மதிப்பும் கிடைத்தது. பிற்பாடு மிகுந்த கனத்தோடு பலர் பயன்படுத்திய அச்சொல்லில் முதலில் இருந்தது நையாண்டி. நல்லதோர் உரை ஒரு துறைக்குச் சொல்லைத் தரவல்லது; அதுவரை பலரும் உணர்ந்தும் சொல்ல இயலாதிருந்ததைச் சொல்லவைக்க வல்லது.

தன் தவறைத் தானே எடுத்துவைத்த உரைக்குச் சிறந்த சான்று, 2009இல் லண்டன் க்யூகான் மாநாட்டில் டோனி ஹோர் ஆற்றியது. டூரிங் விருது பெற்ற அறிஞர் அவர். 1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்காகத் தாம் புகுத்திய 'நல்' என்ற வெற்றுச் சுட்டு பின்னாளில் எண்ணற்ற கோளாறுகளுக்கு வழிவகுத்ததை, பில்லியன் டாலர் தவறு என்று தலைப்பிலேயே குறிப்பிட்டுப் பேசினார். விற்பதற்கு அவரிடம் பொருள் எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய மனிதர் அவ்வாறு பேசியபின், தம் குழுவின் சிறு பிழையை மறைக்க இளையோருக்குக் கூச்சமாகத்தானே இருக்கும்?

பிழையை வாய்விட்டுச் சொல்லாத பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சான்று உண்டு. பிரிட்டனின் அஞ்சலக நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை நிறுவியது. இல்லாத பற்றாக்குறையை அது கணக்கில் காட்டியது. அதை நம்பித் தொடரப்பட்ட வழக்குகளில், 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளைப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிறை சென்றோர் உண்டு; வீட்டை இழந்தோர் உண்டு; உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. மென்பொருளில் கோளாறுகள் இருந்ததை உயர் நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது. 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றி நூற்றுக்கணக்கானோரின் தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று. மாநாட்டு உரை ஒன்று இக்கொடுமையைத் தடுத்திருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால், கோளாறு இருப்பது உள்ளே சிலருக்குத் தெரிந்திருந்தும் வெளியே அது சொல்லப்படவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தோல்வியைப் பற்றிப் பேசுவது இயல்பாகிவிட்ட தொழிலில் அத்தகைய மௌனம் அத்தனை ஆண்டு நீடிப்பது கடினம்.

எனவே, செல்லவே வேண்டாம் என்போரிடம் நாங்கள் உடன்படவில்லை. தேர்ந்து செல்லுங்கள் என்கிறோம். நிகழ்ச்சி நிரலில் உரையின் தலைப்பைவிடப் பேசுபவரின் பணியைப் பாருங்கள். தாம் பேசும் அமைப்பை அவர் எத்தனை ஆண்டு இயக்கியிருக்கிறார் என்று பாருங்கள். உரை முடிந்ததும் எழுந்து போய்விடாமல், எது உடைந்தது, எப்போது தெரியவந்தது, யார் பாதிக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். காணொளியிடம் இக்கேள்விகளைக் கேட்க முடியாது.

மாநாடு நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். பணம் கொடுத்து மேடையேறும் நிறுவனங்களின் உரைகளை அவ்வாறே வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். மற்ற உரைகளில் கேள்விகளுக்கென்று கால் மணி நேரமேனும் ஒதுக்குங்கள். தம் ஊழியர்களைப் பேச அனுப்பும் நிறுவனங்களோ, விளம்பரப் பிரிவைக் கொண்டு உரையின் ஒவ்வொரு வரியையும் மெருகேற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அவ்வாறு மெருகேற்றும்போது முதலில் உதிர்வது, கேட்க வந்தவருக்கு உண்மையில் தேவைப்பட்ட பகுதிதான்.