விக்கியை யார் எழுதுவது?

இந்த முறை கொஞ்சம் என் துறைக்கு வெளியே போகிறேன். நான் படிப்பது பி.காம். மூன்றாம் ஆண்டு. "நானும் புரோகிராம் எழுதுவேன்" என்று சொன்னால் எங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்கள் சிரிப்பார்கள். ஆனாலும் ரெண்டு வருஷமாக சனிக்கிழமை மதியம் லேபில் கூடுகிற ஒரு சின்ன நிரலாளர் குழுவில் நானும் ஓரமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். மொத்தம் பதினான்கு பேர். அதில் காமர்ஸ் நான் ஒருவன்தான். பைதானில் ரெண்டு வரி எழுதினால் எக்செலில் மூணு மணி நேரம் மிச்சம் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனவன்.

இந்தக் குழுவுக்கு ஒரு விக்கி வேண்டும் என்று ஜூலையில் முடிவானது. எல்லோருக்கும் ஒரே உற்சாகம். முதல் வாரம் எந்த மென்பொருள் என்று சண்டை. மீடியாவிக்கியா, டோக்குவிக்கியா? ரெண்டாவது வாரம் லோகோ. மூணாவது வாரம் பகுப்புகள். கரும்பலகை நிறைய மரம் வரைந்து, கிளை பிரித்து, கடைசியில் நாற்பது பக்கங்களை ஒரே மாலையில் உருவாக்கிவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி: "விரைவில் எழுதப்படும்."

செப்டம்பர் வந்தபோதும் அதே ஒரு வரிதான் இருந்தது.

"விடுடா, விக்கின்னாலே அப்படித்தான்" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். விக்கி அப்படி இல்லை. நாம் தொடங்கிய விதம் அப்படி.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் குழுவுக்கு இது முதல் விக்கி இல்லை. எங்களுக்கு முந்தைய செட்டில் ஒரு அண்ணன் தனியாளாக ஒன்று வைத்திருந்தாராம். டொமைன் அவர் பெயரில், பணம் அவர் கார்டில், பாஸ்வேர்டு அவர் தலையில். படிப்பு முடிந்து வேலைக்குப் போனார். டொமைன் புதுப்பிக்கும் தேதி வந்தது, போனது. மூணு வருஷக் குறிப்புகள் அத்தோடு சரி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வாங்கி வைத்துக்கொள்ள யாரும் அவரிடம் போகவில்லையே! விளைவு என்னவென்றால், ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பசங்கள் வந்து அதே பத்துக் கேள்விகளை வாட்சப்பில் கேட்கிறார்கள். அதே பத்துப் பதில்களை யாராவது மறுபடி தட்டுகிறார்கள். ரெண்டு நாளில் அது "குட் மார்னிங்" படங்களுக்கு அடியில் புதைந்துபோகிறது. வரும் ஏப்ரலில் எங்களில் ஆறு பேர் வெளியே போகிறோம். லேப் செர்வரை நிமிர்த்தத் தெரிந்த ஒரே அக்காவும் அதில் ஒருவர்.

சரி, விக்கி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். உலகத்தின் முதல் விக்கியே ஒரு சின்ன நிரலாளர் கூட்டத்துக்காக உருவானதுதான். வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995 மார்ச் 25 அன்று அதைத் திறந்தார். நிரல் வடிவமைப்பில் திரும்பத் திரும்ப வருகிற தீர்வுகளை, அதாவது 'பேட்டர்ன்' என்கிறார்களே, அவற்றைத் தொகுக்க நினைத்த கூட்டம் அது. ஹொனலூலு விமானநிலையத்தில் முனையங்களுக்கு நடுவே ஓடும் 'விக்கி விக்கி' பேருந்தின் பெயரைத்தான் வைத்தார். ஹவாய் மொழியில் சீக்கிரம் என்று அர்த்தம். (நாம் மூணு வாரம் லோகோ பார்த்தோம்.)

அதில் ஒரு சின்ன ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்னும் இல்லாத ஒரு பக்கத்துக்கு நீங்கள் இணைப்புக் கொடுத்தால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வரும். அதை அழுத்தினால் எழுதும் பெட்டி திறக்கும். "இது எங்களிடம் இல்லை, உனக்குத் தெரிந்தால் எழுது" என்று பக்கமே கேட்கிற மாதிரி. இன்றைக்கு விக்கிப்பீடியாவில் பார்க்கிற சிவப்பு இணைப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இப்போது நம் நாற்பது காலிப் பக்கங்களை யோசித்துப் பாருங்கள். பக்கம் இருக்கிறது என்பதால் இணைப்பு சிவப்பாகத் தெரியாது. எது இல்லை என்று காட்டும் ஒரே அடையாளத்தையும் நாமே அழித்துவிட்டோம். வருகிறவன் அழுத்துவான், "விரைவில் எழுதப்படும்" என்று பார்ப்பான், போய்விடுவான். அடுத்த தடவை அழுத்தவே மாட்டான். போன சனிக்கிழமை நான் முதலில் கேட்டது இதைத்தான்: அந்த நாற்பதையும் நீக்குங்கள். கொஞ்சம் கோபம் வந்தது சிலருக்கு.

அடுத்தது முக்கியமான சங்கதி. தெரிந்தவர்கள் எழுதுவார்கள், தெரியாதவர்கள் படிப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர் எதிர்.

எங்கள் துறைக் கருத்தரங்குக்கு வந்தவர்களின் பெயர்ப்பட்டியலை பைதானில் சிஎஸ்வி கோப்பாக எழுதினேன். எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயரெல்லாம் பூச்சி பூச்சியாக வந்தது. ரெண்டு சாயங்காலம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் இறுதியாண்டு அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்கோடிங்ல யுடிஎஃப்-8-சிக்னு போடுடா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அஞ்சு செகண்ட். விஷயம் இவ்வளவுதான்: கோப்பின் தலையில் மூணு பைட் அடையாளம் ஒன்று இருந்தால் இது யூனிகோடு என்று எக்செல் புரிந்துகொள்ளும். இல்லாவிட்டால் தன் பழைய வழக்கப்படி வேறு எழுத்தாகப் படித்துவிடும்.

அந்த அண்ணன் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாரா? சத்தியமாக மாட்டார். சோம்பேறி என்பதால் இல்லை. அவருக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. தான் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது அவருக்கு என்றைக்கோ மறந்துபோயிருக்கும். எனக்குக் காயம் ஆறவில்லை. எந்தப் பிழை எப்படிக் கண்ணுக்குத் தெரிந்தது, முதலில் எதைத் தப்பாகச் சந்தேகப்பட்டேன், கூகிளில் என்ன தட்டித் தேடினேன், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே எழுதினேன், பதினோரு வரி. நம் விக்கியில் உருப்படியான முதல் பக்கம் அதுதான் என்று தற்பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். :-)

ஒரு வாரம் கழித்து முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி அதன் கீழே மூணு வரி சேர்த்திருந்தாள். பூஜ்யத்தில் தொடங்கும் வரிசை எண்களை எக்செல் எண்ணாகப் படித்து, முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடுகிறது, திறக்கும்போதே அந்தப் பத்தியை எழுத்தாக எடுத்துக்கொள்ளச் சொல்லவேண்டும் என்று. அவளும் அன்றைக்குத்தான் விழுந்திருக்கிறாள்.

அதனால் என் கட்சி இதுதான்: கேள்வி கேட்டவன்தான் பக்கத்தை எழுதவேண்டும். பதில் சொன்னவர் வந்து திருத்தட்டும். சீனியர்களுக்கு எழுத நேரமில்லை என்பார்கள், ஆனால் தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர்களால் சும்மா இருக்க முடியாது. கை பரபரக்கும்.

திருத்தினால் வலிக்கும், அதையும் மறைக்கவில்லை. என் பதினோரு வரியில் நாலை அந்த அண்ணன் மாற்றியிருந்தார். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் 'பழைய வடிவங்கள்' என்பதை அழுத்திப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அட, இது நம்ம சப்ஜெக்ட் ஆச்சே! பேரேட்டில் தப்பு விழுந்தால் அழிக்கக்கூடாது, பிழைத்திருத்தப் பதிவு ஒன்று போடவேண்டும் என்றுதானே பிளஸ் ஒன்னிலிருந்து சொல்லித் தருகிறார்கள்? பழையது அப்படியே இருக்கும், யார் எப்போது மாற்றினார் என்பதும் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியக் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைத்துவைக்கக்கூடாது என்று விதியே வந்துவிட்டது. விக்கிக்காரர்கள் அதை விதி இல்லாமலே பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். தைரியமாகத் தப்பு எழுதலாம் என்பதற்கு இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்?

மென்பொருள் சண்டையைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. பதினான்கு பேருக்கு டோக்குவிக்கி போதும். 2004இல் வந்தது. பக்கங்களைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே வைத்துக்கொள்கிறது, தரவுத்தளம் வேண்டாம். விக்கியே செத்துப்போனாலும் கோப்புகளை நோட்பேடில் திறந்து படிக்கலாம். எனக்கு அது ஒன்றே போதும்.

தமிழில் எழுதப்போகிறோம் என்பதால் ஒரு எச்சரிக்கை. பக்கத்தின் பெயரை அது கோப்பின் பெயராக மாற்றும்போது, வழக்கமான அமைப்பில், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை சதவீதக் குறி போட்ட சங்கேதமாக்கிவிடும். தமிழில் ஒரு குறிக்கு ஒன்பது குறிகள் செலவு. 'கொ' என்றால் ககரம் ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று, ஆக பதினெட்டு. கோப்பின் பெயர் பொதுவாக 255க்கு மேல் போக முடியாது. அப்படியானால் "எக்செலில் தமிழ் ஏன் சரியாக வரவில்லை" என்று தலைப்பு வைத்தாலே தாங்காது. என் பக்கம் சேமிக்க மறுத்ததற்கு இதுதான் காரணம். எங்கள் தப்புதான், அமைப்புகளைப் பார்க்காமலே விட்டுவிட்டோம். அங்கே கோப்புப் பெயரை யுடிஎஃப்-8 என்று மாற்றிவிட்டால் மூணு மடங்கு இடம் கிடைக்கும். ஆனால் தொடக்கத்திலேயே மாற்றவேண்டும், ஐந்நூறு பக்கம் ஆனபிறகு இல்லை.

(கன்னிங்ஹாமின் விக்கியில் ரெண்டு ஆங்கிலச் சொற்களை, முதலெழுத்தைப் பெரிதாக்கி ஒட்டி எழுதினாலே இணைப்பாகிவிடும். நமக்குத்தான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே! இரட்டை அடைப்புக்குறிதான் கதி.)

யார் வேண்டுமானாலும் திருத்தலாமா என்று ஒரு கேள்வி வந்தது. ஆசைதான். ஆனால் அந்த முதல் விக்கியையே 2014 கடைசியில் விஷமிகள் நாசம் செய்தார்கள், இப்போது அதைப் படிக்க மட்டும்தான் முடியும். நாம் பதினான்கு பேருக்குக் கணக்கு கொடுத்துவிட்டு, படிப்பதற்கு எல்லோருக்கும் திறந்துவைப்போம்.

கடைசியாக காப்புப்பிரதி. ஜென்ட்டூ லினக்ஸ்காரர்களுக்கு, அதிகாரபூர்வமாக இல்லாவிட்டாலும், பயனர்களே எழுதிய பெரிய விக்கி ஒன்று இருந்தது. 2008இல் அதன் தரவு போய்விட்டது. தேடுபொறி சேமித்துவைத்திருந்த பழைய பிரதிகளிலிருந்து பக்கங்களைப் பொறுக்கவேண்டி வந்தது. கம்ப்யூட்டரிலேயே வாழ்கிறவர்களுக்கே இந்த கதி. நாம் எம்மாத்திரம்?

அதனால் போன சனிக்கிழமை நானே ஒரு வேலையை ஏற்றுக்கொண்டேன். மாதக் கடைசியில் கணக்கு முடிப்பதுபோல, மாதக் கடைசி சனிக்கிழமை முழு விக்கியையும் ஒரு ஜிப் கோப்பாக்கி மூணு பேரின் பென் டிரைவில் போடுவது. அதில் ஒருவராவது முதலாமாண்டாக இருக்கவேண்டும். செர்வர் பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டி, லேப் பொறுப்பாசிரியர் அலமாரியில் வைக்க அக்காவும் சம்மதித்துவிட்டார்கள். டொமைன் இந்தமுறை வாங்கவே இல்லை, கல்லூரி முகவரியே போதும்.

நாற்பது காலிப் பக்கங்களில் முப்பத்திரண்டு நீக்கியாகிவிட்டது. மீதி எட்டை விடமாட்டேன் என்று ஒருவன் அடம்பிடிக்கிறான். தீபாவளிக்குள் எழுதிவிடுவானாம். பார்ப்போம்.