எதிர்ப்பு வேறு, இரண்டகம் வேறு

கொல்லிமலையின் அடிவாரத்தில், துறையூர் வட்டத்தில், புளியஞ்சோலை என்னும் சிற்றூர் உளது. ஐயாறு மலையை விட்டுத் தரையில் இறங்கும் இடம் அது. மேலே அவ்வாறு பேரருவியாய்க் குதிக்கும் இடத்திற்கு 'ஆகாய கங்கை' என்று எவரோ வடமொழிப் பெயர் சூட்டிவிட்டனர். கங்கைக்கும் கொல்லிக்கும் என்ன உறவு என்பது சூட்டியவர்க்கே வெளிச்சம். அம்மலைக்கு உரியவனாய் இருந்தவன் வல்வில் ஓரி. ஆண்டுதோறும் ஆடித் திங்களில் தமிழ்நாட்டரசே அவனுக்குக் கொல்லிமலையில் விழா எடுக்கிறது. செம்மேட்டில் நிற்கும் அவன் சிலைக்கு ஆட்சியாளர் மாலை அணிவிக்கின்றனர்.

அவ்வோரி செய்தது என்ன? முடியுடை வேந்தர் மூவர் இருக்க, முடியில்லாக் குறுநிலத் தலைவனாகிய அவன் தன் மலையைத் தானே ஆண்டான். சேரன் அம்மலையை விரும்பினான். சேரன் பொருட்டு மலையமான் திருமுடிக்காரி படைகொண்டு வந்து, ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்கு ஈந்தான். இன்றைய தில்லி அரசியலாரின் அகராதியைப் புரட்டினால் ஓரி பிரிவினைக்காரன். காரியோ ஒருமைப்பாட்டை நிலைநாட்டிய படைத்தலைவன். ஆயினும் விழா எடுக்கப்படுவது ஓரிக்கே!

கழகக் காலப் புலவர் இவ்விருவரையும் பாடியுள்ளனர். வன்பரணர் ஓரியைப் பாடினார்; கபிலர் காரியைப் பாடினார். கடையெழு வள்ளல் வரிசையில் கொன்றவனும் உளன், கொல்லப்பட்டவனும் உளன். வென்றவன் பக்கம் நின்ற புலவரும் தோற்றவனைக் காட்டிக்கொடுத்தவன் என்று இகழ்ந்திலர். பின்னொரு காலத்தில் அம் மலையமானின் இளஞ்சிறுவரைச் சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இடப் புகுந்தபோது, கோவூர் கிழார் இடைநின்று அவர்களைக் காத்தார். நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் போனபோதும் தடுத்து நின்றவர் அதே கோவூர் கிழாரே. புறநானூற்றின் 46, 47ஆம் பாட்டுகள் அவை. பகைவன் என்பதும் ஒற்றன் என்பதும் இரண்டகன் என்பதும் ஒன்றல்ல என்னும் தெளிவு அற்றைத் தமிழரிடம் இருந்தது. ஆளுவோர் ஐயுற்றாலே குற்றம் மெய்யாகிவிடும் என்று அவர் கருதியதில்லை.

இன்று அத்தெளிவு மங்கிப் போனதற்கு ஒரு கரணியம் சொல்லிலேயே உளது. 'தேசத்துரோகம்' என்னும் வடசொல் ஒரு பெருஞ்சாக்கு. வேண்டாதவற்றையெல்லாம் அதனுள் திணிக்கலாம். அரசைக் குறைகூறினவன், தனிநாடு கேட்டவன், படைதிரட்டிப் போரிட்டவன், படையின் மறைச்செய்தியைப் பகைவர்க்கு விற்றவன் ஆகிய நால்வரையும் அவ்வொரு சாக்கிலேயே கட்டிவிடுகின்றனர். தமிழில் உள்ள சொல் இரண்டகம். இரண்டு அகம் உடைமை அது: வெளியே ஓர் உள்ளம், உள்ளே வேறோர் உள்ளம். 'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்று ஊர்ப்புறத்தார் வைவதும் இப்பொருளிலேயே. வள்ளுவர் பகைக்கென்று தனி அதிகாரங்கள் வகுத்தும் மனநிறைவு கொள்ளாமல், உட்பகை என்று வேறோர் அதிகாரம் வைத்தார். உருவிய வாளாய் எதிரே நிற்கும் பகையைக் காட்டிலும் உறவாய் ஒட்டியிருக்கும் பகைக்கே அஞ்சச் சொன்னார் அவர். அவ்வாறாயின், "உன்னோடு இரேன்; பிரிகிறேன்; தடுப்பாயேல் எதிர்ப்பேன்" என்று முகத்தெதிரே சொல்பவனிடம் இரண்டு அகம் எங்கே உளது? அவன் பகைவனாயிருக்கலாம். அவன் கோரிக்கை பிழையாகவும் இருக்கலாம். இரண்டகன் ஆகான்.

இதற்கு மறுப்பாளர் உரைப்பதைப் புறந்தள்ளிவிடுதல் முறையன்று. "அந்நாட்டின் குடிமகனாய்ப் பிறந்து, அதன் காவலில் வளர்ந்து, சிலர் அதன் படையில் உறுதிமொழியும் எடுத்த பின்னர், அதற்கே எதிராய்ப் படைக்கலன் தூக்குவது உண்ட வீட்டுக்கு இரண்டகம் அன்றோ?" என்பர். வலிய வினாதான். இவ்வினா இந்தியாவில் ஒருமுறை மன்றமேறியே உசாவப்பட்டது. அதுவும் தில்லிச் செங்கோட்டையில்.

1942 பிப்பிரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர்க்கு வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பாரர் பூங்காத் திடலில் இந்தியப் படைவீரர் பல்லாயிரவரை நிறுத்தி, அவர்களை ஆங்கிலப் படையதிகாரி ஒருவரே சப்பானியரிடம் ஒப்படைத்தார். அவ்வீரருட் பலர் இந்திய விடுதலைப் படையிற் சேர்ந்தனர். மலையாவின் இரப்பர்த் தோட்டங்களிற் பால்வடித்துக் கொண்டிருந்த தமிழரும் ஆயிரக்கணக்கில் அதிற் சேர்ந்தனர். தமிழ்ப்பெண்கள் மகளிர் படையிற் சேர்ந்தனர். 1943 அக்தோபர் 21இல் சுபாசு சந்திர போசு சிங்கப்பூரில் இடைக்கால அரசை அறிவித்தார். போர் முடிந்தபின் வெள்ளையரசு சா நவாசு கான், பிரேம் குமார் சகல், குர்பக்சு சிங் தில்லான் ஆகிய மூவரையும் 1945 நவம்பரில் செங்கோட்டையில் குற்றக்கூண்டில் ஏற்றிற்று. குற்றம்: மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தமை. அன்றைய தண்டச் சட்டத்தின் 121ஆம் பிரிவு.

மூவரும் மன்னர்க்கு உறுதிமொழி எடுத்தவர்களே. அவர் சம்பளம் உண்டவர்களே. அதை எவரும் மறுத்திலர். புலாபாய் தேசாய் அவர்கட்காக எழுந்து, அடிமைப்பட்ட மக்களுக்குத் தம் விடுதலைக்காகப் போரிடும் உரிமை உண்டு. முறையான அரசும் படையும் கொண்டு அறிவித்துச் செய்த போரை ஒரு நாட்டின் உள்நாட்டுத் தண்டச் சட்டத்தால் அளத்தல் கூடாது என்று வழக்குரைத்தார். நேருவும் நெடுங்காலம் கழற்றி வைத்திருந்த வழக்கறிஞர் அங்கியை அணிந்து அம்மன்றில் வந்து நின்றார். படைமன்றம் வாழ்நாள் நாடுகடத்தல் விதித்தது. ஆனால் 1946 சனவரியில் படைத்தலைவர் ஆக்கின்லெக்கே அத்தண்டனையை நீக்க வேண்டியதாயிற்று. பிற்றை நாளில் சா நவாசு கான் நடுவண் அரசில் துணையமைச்சராகவும் இருந்தார்.

இங்கு இரண்டைக் கருதுதல் வேண்டும். ஒன்று, உறுதிமொழி இருபக்கக் கயிறு. காப்பேன் என்பவனுக்கே கட்டுப்படுதல் உண்டு. காக்க வேண்டியவனே திடலில் நிறுத்திப் பிறனிடம் ஒப்படைத்த பின்னர், கயிற்றின் மறுமுனை மட்டும் எங்ஙனம் இறுகியிருக்கும்? மற்றொன்று, கசப்பானது. விடுதலை பெற்ற இந்தியா அவ்வீரர்களைப் போற்றிற்று. தன் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. மாலைக்கு உரியவர், படைக்கு உரியரல்லர்! அரசு எதுவாயினும், எதிர்த்தவனைக் கண்டு அதற்கோர் அச்சம் உண்டு.

கட்டபொம்மன் 1799 அக்தோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபோது கும்பணியாரின் ஏட்டில் அவன் கலகக்காரனே. சின்ன மருது 1801 சூன் 16இல் தன் போரறிக்கையைத் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கத்து மதிலிலும் ஒட்டச் செய்தான். இதைவிட வெளிப்படையான எதிர்ப்பு வேண்டுமா? அவ்வாண்டே அக்தோபர் 24இல் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கேறினர். அற்றைச் சட்டப்படி ஆட்சிக்குக் கட்டுப்பட்டு நடந்தவன் எட்டயபுரத்தானே. ஆனால் 'எட்டப்பன்' என்னும் பெயர் தமிழன் வாயில் எதற்கு வழங்குகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். சட்டம் ஒருவனைத் தூக்கிற்று. மக்கள் நாக்கு வேறொருவனைத் தூக்கிற்று.

இனி, தனிநாடு கேட்டலே குற்றமா என்பது. 1962 மே முதல் நாள் அண்ணா மாநிலங்களவையில் எழுந்து தன்னாட்சித் தீர்வுரிமையை வெளிப்படக் கேட்டார். எவரும் அவரைச் சிறையிடவில்லை. அன்று அது சட்டப்படி குற்றமாய் இருந்திலது. அவ்வாண்டுத் தேர்தலில் அவர் கட்சி சட்டமன்றத்தில் 50 இடங்கள் பெற்றிருந்தது. சீனப் போருக்குப் பின் 1963இல் அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் வந்தது. பேச்சுரிமைக்குள் 'இறையாண்மை, ஒருமைப்பாடு' என்னும் வேலி நடப்பட்டது. தேர்தலில் நிற்பவன் அவற்றைக் காப்பதாகச் சூளுரைக்க வேண்டும் என்றாயிற்று. அண்ணா அதனை அவையில் எதிர்த்துப் பேசினார்; பின்னர்க் கட்சி அக்கோரிக்கையைக் கைவிட்டது. நேற்று அவையிற் பேசத்தக்கதாய் இருந்த கருத்து, ஒரு வாக்கெடுப்பால் இன்று பேசத்தகாததாயிற்று என்றால், அக்கருத்தின் இயல்பிலா குற்றம் இருந்தது? நஞ்சாயின் நேற்றும் நஞ்சாயிருந்திருக்க வேண்டுமே!

முறைமன்றங்களும் இவ்வேறுபாட்டை அறியாதன அல்ல. 1962இல் கேதார்நாத் வழக்கில், வன்முறைக்குத் தூண்டாத சொல் குற்றமாகாது என்ற வரம்பை உச்ச முறைமன்றம் இட்டது. 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்றே சண்டிகரில் காலித்தான் வாழ்க என முழங்கிய இருவரை 1995இல் அதே மன்றம் விடுவித்தது. ஆனால் 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தண்டச் சட்டத்தின் 152ஆம் பிரிவு, பிரிவினை உணர்வை ஊக்குதலையும் படைக்கலக் கிளர்ச்சியையும் ஒரே மூச்சில் சொல்லி, வாழ்நாள் சிறை வரை நீள்கிறது. உணர்வும் துமுக்கியும் ஒரே தட்டில்! அச்சட்டத்தின் பெயரோ 'பாரதிய நியாய சன்ஃகிதா'. அதை ஒலிக்கவும் தமிழன் நாக்கு இடறும். ஆனால் அதன்கீழ்ச் சிறைபுகுதற்கு மட்டும் நாக்குப் பயிற்சி வேண்டுவதில்லை.

ஈழத்தின் பட்டறிவு இன்னும் கொடிது. 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறிற்று. சில நாட்களில், துண்டறிக்கை கொடுத்தமைக்காக அமிர்தலிங்கமும் உடனிருந்த தலைவர்களும் சிறைப்பிடிக்கப்பட்டு, சான்றாளர் குழுவில்லாத தனிமன்றில் அரசுப்பகைக் குற்றம் சாட்டப்பட்டனர். நெடுங்காலம் எதிரெதிர் நின்ற தந்தை செல்வாவும் பொன்னம்பலமும் அவர்கட்காக ஒரே பக்கத்தில் எழுந்தனர். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்றதில்லை. ஏற்காததற்குக் கட்டுப்படாமை எங்ஙனம் குற்றம் என்பது அவர்கள் எழுப்பிய வினாக்களுள் ஒன்று. வழக்குத் தண்டனையில் முடியவில்லை. மறு ஆண்டு சூலையில் தமிழ் மக்கள் அதே தீர்மானத்துக்கு வாக்களித்து 18 பேரை நாடாளுமன்றுக்கு அனுப்பினர். குற்றக்கூண்டில் நின்ற அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்! 1983 சூலையில் தமிழர் கொன்று குவிக்கப்பட்டனர். ஆகத்து 8இல் சிங்கள அரசு 6ஆம் திருத்தத்தைக் கொணர்ந்தது. கொன்றவரை ஒறுக்க அன்று. தனிநாட்டை மறுத்துச் சூளுரையாத தமிழ் உறுப்பினரின் இருக்கையைப் பறிக்க. வாக்குச்சீட்டின் வழியை அடைத்துவிட்டு, வேறு வழியிற் போனவனை இரண்டகன் என்பது எவ்வகை ஞாயம்?

ஆனால் இக்கதையின் மறுபாதியையும் மறைத்தல் ஆகாது. 1989 சூலை 13இல் அதே அமிர்தலிங்கம் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சிங்களவர் அல்லர், விடுதலைப் புலிகள். சிங்கள அரசு அவர்மேல் எறிந்த அதே சொல்லைத் தமிழிளைஞரும் அவர்மேல் எறிந்தனர். அரசுக்கு அவர் நாட்டிரண்டகர். இயக்கத்துக்கு அவர் இனவிரண்டகர். ஒரு மாந்தனின் கருத்து மாறுபாட்டுக்கு இப்பெயரிட்டால் முடிவில் துமுக்கியே தீர்ப்பெழுதும். அரசின் வாயிலிருந்து வந்தபோது கொடிதாயிருந்த அச்சொல், தமிழன் வாயிலிருந்து வந்ததாலேயே தூய்தாகிவிடாது.

பிரிவு எல்லாம் அறவழிப்பட்டது என்பதும் இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்கள் 1861இல் பிரிந்து போரிட்டது கறுப்பின மக்களை அடிமைகளாகவே வைத்திருத்தற்கு. அக்கரணியம் இழிந்தது, எத்துணைக் கொடி உயர்த்தினும் இழிந்ததே. எனினும் அவர்தம் தலைவர் செப்பர்சன் டேவிசை ஈராண்டு சிறையிட்டும் வடவரால் இரண்டக வழக்கை நடத்தி முடிக்க இயலவில்லை, 1869இல் கைவிட்டனர். அவ்வாண்டே அந்நாட்டு உச்ச முறைமன்றம் மாநிலம் தானே பிரிய முடியாது என்று தீர்த்தபோதும், புரட்சியாலோ ஏனை மாநிலங்களின் இசைவாலோ அன்றி என்று இரு கதவுகளைத் திறந்தே வைத்தது.

தில்லியும் இவ்வழியை அறியாததன்று. 1968இல் பாக்கித்தான் அரசு முசிபுர் இரகுமானையும் வேறு 34 பேரையும் அகர்தலாச் சதிவழக்கில் நிறுத்தியது. மறு ஆண்டு மக்கள் எழுச்சி கண்டு வழக்கைத் திரும்பப் பெற்றது. 1971இல் பாக்கித்தான் படையில் உறுதிமொழி எடுத்திருந்த வங்காள வீரரே அப்படைக்கு எதிராகத் திரும்பினர். அவர்கட்குப் பயிற்சி தந்தது இந்தியா. திசம்பர் 6இல் அந்நாட்டை ஏற்றதும் இந்தியா. அன்று தில்லியில் எவரும் அவ்வீரரை உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்றிலர். பல்லாண்டு கழித்து வங்காள நாடு, பாக்கித்தான் பக்கம் நின்றோருட் சிலரை மன்றில் நிறுத்தியபோதும், அவர்மேற் சாட்டியது எந்நாட்டுப் பக்கம் நின்றனர் என்பதன்று, கொன்றமையும் கற்பழித்தமையுமே. எந்தக் கொடியின்கீழ் நின்றவனாயினும் படைக்கலன் இல்லாதவனைக் கொன்றால் அது கொலை. அதற்குக் கொலைக்குற்றம் என்னும் பெயரே போதும், வேறு பெயர் வேண்டா.

போரிடாமலே பிரிந்தனவும் உள: 1905இல் நார்வே, 1993இல் செக்கும் சுலோவாக்கும். 2014 செப்தம்பர் 18இல் காத்துலாந்து மக்களை ஆங்கில அரசின் இசைவோடே வாக்குச்சாவடிக்கு அழைத்துப் பிரிகிறீர்களா என்று கேட்டனர். 55 விழுக்காட்டினர் வேண்டா என்றனர். 45 விழுக்காட்டினர் வேண்டும் என்றனர். வேண்டும் என்ற கட்சியே மறுநாளும் அந்நாட்டு ஆட்சியில் அமர்ந்திருந்தது. அந்த 45 விழுக்காட்டினர்மேல் எந்தப் பிரிவின்கீழும் வழக்குப் பதியப்படவில்லை.